மூணாறு அறைக்குச் சேர்த்த புள்ளிகள்

வாணலியிலிருந்து எடுத்த சூட்டோடு நெத்திலி வறுவலை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே என் மச்சினன் அன்று சொன்னதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. புதுப்பட்டினத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை. கடைக்குப் போயிருந்த என் மனைவி படியேறி வந்துகொண்டிருந்தாள். படிக்குப் படி சுவரில் உள்ளங்கை ஊன்றும் சத்தம் கேட்டது. நான் அவனிடம் என் புள்ளிக் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் காது படியில்தான் இருந்தது. "நீ மட்டுமா பாயிண்ட்டு சேக்கிற மாமா? அக்கா முட்டியும் சேத்துகினுதான் கீது" என்றான்.

அந்தக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அலுவலகத்தின் கேரளக் கிளைக்கு மூணாறில் ஒரு விடுமுறை இல்லம் இருந்தது. அந்த மாநிலத்து ஊழியர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் அறைகள்தான் எங்களைப் போன்ற வெளிமாநிலத்தாருக்கு. விண்ணப்பித்துக் கிடைக்காத ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு புள்ளி; புள்ளி கூடியவருக்கு முன்னுரிமை. ஒருமுறை போய்விட்டால், அடைமழையில் போனாலும்கூட, சேர்த்ததெல்லாம் பூஜ்யம். மே மாதத்துக்குத்தான் அடிதடி. எல்லோரும் என்னைப் போலவே புள்ளியைச் செலவழிக்காமல் அடைகாத்ததால், நான் ஒன்று ஏறினால் மே மாதம் கேட்கும் புள்ளியும் ஒன்று ஏறிக்கொண்டது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் விடவில்லை. நான் ஆட்டோவில் ஏறிய மறுநிமிடம் பேருந்து வந்துவிடும் என்று நம்புகிற ரகம்.

மே மாதம் எனக்காக இல்லை. என் மனைவி செங்கல்பட்டுக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் ஆடு மேய்த்து வளர்ந்தவள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம் நான் வீட்டுக்குக் கொண்டுவந்த நாட்காட்டியில், மூணாறு மலையின் பாறை விளிம்பில் நிற்கும் வரையாட்டின் படம் இருந்தது. அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மேய்க்க ஆளே இல்லாத ஆடு. ஒருவாட்டி நேர்ல பாக்கணும்" என்றாள். வேறெதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை. வேண்டியதைத் தானே வாங்கிக்கொள்வாள். அதனால் கேட்ட ஒன்றை அரைகுறையாகக் கொடுக்கக்கூடாது, நல்ல வெயிலில், மூடுபனி இல்லாமல், குட்டிகளோடு பார்க்கட்டும் என்று எனக்கு வீம்பு. அந்த ஆட்டைப் பார்க்க, வனத்துறை பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து மலைப்பாதையில் நடந்து ஏற வேண்டும் என்பது என் கணக்கில் எங்குமே இல்லை.

மச்சினன் மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். கம்பெனி பஸ்ஸுக்கு ஓடி ஓடி எதையும் தள்ளிப்போடத் தெரியாத ஆளாகிவிட்டிருந்தான். அந்த வாரமே என்னை ஆகஸ்ட் மாதத்துக்கு விண்ணப்பிக்க வைத்தான். மழையில் யார் போவார்கள்? அறை உடனே கிடைத்தது. ஒதுக்கீடு பார்க்கும் நண்பர், "இத்தனை வருஷப் புள்ளியை மழையில கரைக்கிறீங்களே சார்" என்றார்.

மூவரும் செங்கல்பட்டில் ரயிலேறி மதுரையில் இறங்கி, போடி வழியாக மலையேறினோம். போன அன்று மலையே தெரியவில்லை. மறுநாள் வனத்துறை பேருந்திலிருந்து இறங்கி நடந்தபோதும் பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. அவள் மூடிய குடையை ஊன்றி ஊன்றி நடந்தாள். பாதி வழியில் முட்டி மடங்க மறுத்துவிட்டது. மச்சினன் முதுகைக் காட்டிக் குனிந்தான். "தள்ளுடா, நான் இன்னா அரிசி மூட்டையா?" என்று அவனை விரட்டிவிட்டுப் பாதையோரச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மே மாதத்தைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

மழை தூறலாகக் குறைந்தபோது மேலே சரிவில் கல் உருண்டது. பனிக்குள்ளிருந்து ஒரு வரையாடு இறங்கி வந்து, எங்களுக்கு நாலடி தள்ளி நின்று புல்லைக் கடித்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு. மச்சினன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். என் மனைவி, சிறுமியாக இருந்தபோது ஏரிக்கரையில் தன் ஆடுகளை அழைத்த அதே குரலில், நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டாள். அது காதைக்கூட அசைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். வாயில் இருந்ததை நிதானமாக மென்று முடித்துவிட்டுச் சரிவில் ஏறிப் போய்விட்டது. அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "கூப்ட்டா வரல பாரு. அதான் வோணும் எனக்கு" என்றாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த நிமிடம் மே மாதம் என் மனதை விட்டுப் போனது.

அடுத்த வருடமே அவளால் மாடிப்படி ஏற முடியாமல் போய், தரைத்தள வீட்டுக்கு மாறினோம். நான் பழக்க தோஷத்தில் பூஜ்யத்திலிருந்து மறுபடி சேர்க்கத் தொடங்கினேன். ஓய்வுபெற்ற அன்று கணக்குப் பார்த்தேன்: பழைய புள்ளிகளை விடாமல் வைத்திருந்தாலும் மே மாதம் எனக்கு எட்டியிருக்காது. மச்சினனுக்கு நன்றி சொன்னால் காதில் வாங்கமாட்டான். "எனக்கும் ஆடு பாக்கணும்னு இருந்துச்சி மாமா, அவ்ளோதான்" என்பான். நன்றி அப்படியே என்னிடம் தங்கிவிட்டது.

போன மாதம் என் பழைய பிரிவில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். அப்பாவை மூணாறுக்கு அழைத்துப் போக ஆறு புள்ளி வைத்திருக்கிறாராம். இன்னும் நாலு வருடம் பொறுத்தால் மே மாதம் கிடைக்குமா என்று கேட்டார். நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். என் மனைவி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, அப்பா இப்ப படி ஏறுறாரா?"

"ஏறுறார் மா. கொஞ்சம் மெதுவா."

"அப்ப இந்த மழைக்கே கூட்டிகினு போ."