எல்லோருக்கும் இருநூற்று ஒன்று

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு அக்கா மேல் ஒரு மனக்குறை உண்டு என்பது எனக்குத் தெரியும். அந்தக் குறை எனக்கும் இருந்தது. மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அக்கா மறைந்து ஓராண்டு நிறைவதை ஒட்டி, கூடப் பிறந்த ஒரே தம்பி என்ற முறையில் என்னை எழுதச் சொன்னார் மாமா. மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. புகழ்ந்து எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே ஒரு சிறிய கிராமத்தில். அப்பா ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் பயிர் வைத்திருந்தார். பயிர் இல்லாத மாதங்களில் லாரி ஓட்டப் போவார். அக்கா செங்கல்பட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தார். அவர் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த அதே ஆண்டில் எனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. வீட்டில் ஒருவருக்குத்தான் பணம் கட்ட முடியும். யாருக்குக் கட்டினார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. எனக்கும் அது அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை.

இருபத்து நான்கு வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. மாமா ஓஎம்ஆர் சாலை ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர். கூடுவாஞ்சேரியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். முதலில் மகள், மூன்று வருடம் கழித்து மகன். மகன் தவழத் தொடங்கிய நேரத்தில்தான் தொற்றுக் காலம் வந்தது. கம்பெனிக்காரர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தார்கள், பேருந்துகள் நின்றன. தொற்று ஓய்ந்த பிறகும் பாதி வண்டிகள் திரும்ப ஓடவில்லை. மாமா சரக்கு வண்டிக்கு மாறினார். சம்பளம் கிட்டத்தட்டப் பாதியானது. வாடகை மட்டும் அப்படியே இருந்தது.

அக்கா அழுது புலம்புகிறவர் அல்ல. முதல் வேலையாக, மகள் படித்த நர்சரிப் பள்ளியிலேயே உதவியாளராகச் சேர்ந்தார். அதனால் பள்ளிக் கட்டணம் பாதியானது. கேபிள் போயிற்று. பால் ஒரு லிட்டரிலிருந்து முக்கால் லிட்டருக்கு வந்தது. பருப்பை ஊறவைத்த பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் போட்டார். புது சிலிண்டர் மாட்டும் நாளை காலண்டரில் குறித்துவைத்து, போன தடவையைவிட இரண்டு நாள் கூடுதலாக வந்தால் பிள்ளைகளுக்குக் கேசரி கிண்டித் தருவார். கேசரிக்கும் கேஸ் செலவாகும் என்று மாமா ஒருமுறை சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். கோவளம் பக்கம் லோடு விழுந்தால் மாமா மொத்தமாக மத்தி வாங்கி வருவார். மாடியில் இருந்த மூன்று வீட்டுக்காரர்களும் கூறு போட்டு எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாம் சரியாகவே செய்தார் என்று சொல்ல மாட்டேன். மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருமுறை மூட்டை வெங்காயம் வாங்கிப் போட்டார். மழைக்காலம் பிடித்துக்கொள்ள, பாதி மூட்டை முளைவிட்டது. அந்த மாதம் அந்த வீட்டில் வெங்காய சாம்பார், வெங்காயக் காரக்குழம்பு, வெங்காயப் பொரியல், வெங்காய ஊத்தப்பம். மாமா வண்டியில் ஏறினாலே கூட வருகிறவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டார்களாம். அக்காவே இதைச் சொல்லிச் சிரிப்பார்.

இவ்வளவு செய்தும் மாதக் கடைசியில் கையைக் கடித்தது. எங்கே ஓட்டை என்று தேடியபோதுதான் அக்கா அதைக் கண்டுபிடித்தார். அரிசியும் இல்லை, கேஸும் இல்லை, விசேஷம்தான். ஆவணி பிறந்தால் பத்திரிகை வந்துகொண்டே இருக்கும். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, புதுமனை. ஒருவருக்கு ஐநூற்று ஒன்று, நெருங்கியவருக்கு ஆயிரத்து ஒன்று, அதற்கு மேல் புடவை, பழத்தட்டு, ஆட்டோ. ஒரு மாதத்தில் ஐந்து பத்திரிகை வந்தால் மளிகைக் காசு முழுதும் அதில் போய்விடும். நம் ஜனங்களில் யார் வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதுதான் கதை. பட்டினி கிடந்தாலும் மொய்யைக் குறைக்க மாட்டோம்.

அக்கா குறைத்தார். இனி யார் வீட்டு விசேஷமானாலும் இருநூற்று ஒன்று. பணக்காரர், ஏழை, பங்காளி, சம்பந்தி, அண்டை வீடு, எல்லோருக்கும் அதே. அதற்கு ஈடாக, முந்தின நாளே போய்விடுவார். காய் நறுக்குவது முதல் பந்தி பரிமாறுவது வரை நின்று, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் கிளம்புவார். அவர் கையால் அரிந்த காயைச் சாப்பிடாத வீடு நம் உறவில் இருக்காது. ஆனால் ஏன் இருநூற்று ஒன்று என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர் செய்த தவறு என்றால் அதைத்தான் சொல்வேன்.

நான் படூரில் அடுக்குமாடி வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோது அக்கா முந்தின நாளே வந்துவிட்டார். மறுநாள் லிஃப்ட் பக்கத்தில் மேசை போட்டு, என் மாமனார் வழியில் ஒரு பெரியவர் மொய் எழுதினார். தொகையைச் சத்தமாகப் படித்துவிட்டு எழுதுவது அவர் பழக்கம். அக்காவின் கவரைப் பிரித்து, "இருநூற்று ஒன்று" என்றார். பிறகு கவரின் மேல் எழுதியிருந்த பேரைப் பார்த்துவிட்டு, "கூடப் பொறந்த அக்காவா?" என்று கேட்டார். என் மாமனார் வீட்டார் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

நான் நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"இன்னாக்கா இது? எங்கியோ கீறவன்லாம் ரெண்டாயிரம் வக்கிறான். என் மானத்த வாங்கினு போவத்தான் வந்தியா?"

"மொய்தானடா வச்சேன். கத்தாத, ஜனங்க கீறாங்க" என்றார் அக்கா. கையில் பாயச வாளி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனார். சாயங்காலம் அவர் கிளம்பியபோது நான் கீழே இறங்கி வரவில்லை. அதோடு விட்டேனா என்றால் இல்லை. அடுத்த வாரம் அந்த இருநூற்று ஒரு ரூபாயைப் போனிலேயே அவருக்குத் திருப்பி அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வந்தது.

ஒன்றரை வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் பெற்றோர் அதற்கு முன்பே காலமாகிவிட்டதால், நடுவில் உட்கார்ந்து சேர்த்துவைக்கவும் ஆள் இல்லை. அதற்குள் எனக்கு ஒரு மகள் பிறந்தாள். அக்காவுக்கு நான் சொல்லவில்லை. அவர் வரவும் இல்லை. மாமா மட்டும் ஒருநாள் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு என் முறை வந்தது. நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றது. வீட்டுக் கடன் தவணை நிற்கவில்லை. மூன்று மாதத் தவணை தவறியது, வங்கியிலிருந்து கடிதம் வந்தது. வீட்டை விற்றுவிடலாமா என்று நானும் மனைவியும் பேசத் தொடங்கியிருந்தோம். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாமாவுக்கு எப்படியோ தெரிந்து, அக்கா காதுக்குப் போயிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தால் அக்கா நின்றார். வண்டலூர் வந்து கேளம்பாக்கம் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் முருங்கைக்கீரைக் கட்டு. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். அங்கே ஓட்டல் டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

"இன்னாடா இவ்ளோ டப்பா? சோறு ஆக்கறதே இல்லியா?"

"ரெண்டு பேரும் வேலைக்குப் போய்ட்டு வந்தா டயர்டா இருக்கு அண்ணி" என்றாள் என் மனைவி.

"இருக்கும்மா. இல்லன்னு யாரு சொன்னா? ஞாயித்துக்கெழம ஒரு தபா, புதன்கெழம ஒரு தபா மாவு அரைச்சி வையி. மாவு கீற வூட்ல கடன் வராது."

அன்று முழுதும் உட்கார்ந்தார். என் போனை வாங்கி மூன்று மாதச் செலவை ஒவ்வொன்றாகப் படித்தார். பார்க்காத இரண்டு சேனல்களுக்குச் சந்தா போய்க்கொண்டிருந்தது. கார் மாதத்தில் நான்கு நாள்தான் ஓடியது, அதை விற்கச் சொன்னார். கடைசியாக, "பத்திரிகைலாம் எட்தா" என்றார். எடுத்தேன். அந்த ஆண்டு மொய்யாக மட்டும் நான் வைத்தது ஒன்றரைத் தவணைக்கு மேல் வந்தது. அதில் மேலாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்தது ஐயாயிரத்து ஒன்று. அவர் என் பேரையே இன்றுவரை தப்பாகத்தான் கூப்பிடுகிறார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அன்னிக்கே சொல்லிருக்கலாம்லக்கா, கஷ்டம்னு" என்றேன்.

"இல்ல இல்லன்னு சொல்லிகினு வூடு வூடா திரிய சொல்றியா?"

"எனக்கு மட்டுமாவது கொஞ்சம் கூட வச்சிருக்கலாம்."

"உனக்கு ஐயாயிரம், சித்தி பொண்ணுக்கு எரநூறுன்னா அது பேரு ஓரவஞ்சனைடா. அப்பறம் சித்தி மூஞ்ச நான் எப்டி பாக்கறது?" பிறகு சிரித்தார். "நீ திருப்பி அனுப்பன பாரு, அந்த காச அவ வளைகாப்புக்கு வச்சிட்டேன். அந்த மாசம் எனக்கு ஒரு மொய் மிச்சம்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கீரையை உருவிக்கொண்டிருந்த அக்காவின் எதிரில் உட்கார்ந்து நானும் உருவினேன். கார் விற்றது, மாவு அரைத்தது, எல்லாம் சேர்ந்து எட்டு மாதத்தில் தவணை பாக்கி தீர்ந்தது. வீடு தங்கியது.

போன வருடம் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அக்கா தலைவலி என்று உட்கார்ந்தார், அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார், கண் திறக்கவில்லை. முப்பத்தெட்டு வயது. மகளுக்கு ஒன்பது, மகனுக்கு ஆறு. ஒரு ரூபாய் கடன் வைக்காமல் போனார். இதை எழுதும்போதும் எனக்குப் பெருமையைவிடக் கோபம்தான் வருகிறது. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். நான்கு நாளும் மருத்துவமனை வாசலில் மாறி மாறிக் காத்திருந்த மாமாவின் சக ஓட்டுநர்கள், பிள்ளைகளுக்கு ஒரு மாதம் சோறு போட்ட மாடி வீட்டு மூன்று குடும்பங்கள், மகனின் கட்டணத்தை இந்த ஆண்டும் பாதியாகவே வைத்திருக்கும் பள்ளி நிர்வாகத்தார், பதினாறாம் நாள் காரியத்தில் தோள் கொடுத்த பங்காளிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இன்னொரு நன்றி பாக்கி இருக்கிறது. சுமங்கலியாகப் போகிறவருக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுப்பது தம்பியின் கடமை. உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த காலையில் நான் கடைக்குப் போனேன். பட்டாக எடு, நாலு பேர் பார்ப்பார்கள் என்று சொல்லித்தான் பெரியவர்கள் அனுப்பினார்கள். கடைக்காரர் பட்டுகளை விரித்தார். எரியப்போகிற துணி. இதைப் பற்றி அக்கா எதுவும் சொல்லிவைத்ததில்லை. ஆனால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போவது போன்ற பருத்திச் சேலை ஒன்றை, அரக்கு நிறத்தில், வாங்கிக்கொண்டு வந்தேன்.

தட்டில் வைத்தேன். எங்கள் அத்தை ஒருவர் சேலையை எடுத்து முந்தானையைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கூடப் பொறந்தவன் எட்தாந்ததா இது?" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கூடியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காரணத்தைச் சொல்ல வாய் வரை வந்தது. அந்த இடத்தில் எதைச் சொன்னாலும் சாக்குச் சொல்வது போல இருக்கும் என்று பேசாமல் நின்றேன். படூரில் அன்று பாயச வாளியோடு அக்கா எப்படி நின்றார் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. அவர் அப்படி எத்தனை வீட்டில் நின்றாரோ.

அந்த அத்தைக்கு என் நன்றி. அவர் அப்படிக் கேட்டதால்தான் நான் உடைந்து அழுதேன். அக்கா போன துக்கம் என்று எல்லோரும் என்னைத் தாங்கிப் பிடித்தார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

— தம்பி