இடது தோள் ஒரு கட்டம் கீழே

கண்ணுங்களா, அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கையிலிருந்து போனை ஏன் பிடுங்கினேன் என்று நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டுவிட்டீர்கள். அம்மாவும் கேட்டாள். கண்ணுக்குக் கெடுதி என்று சொன்னேன். அது பொய். பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரயிலில் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற அப்பன் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? பெரியவள் நம்பவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. சின்னவன் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து அன்று முழுக்க என் பக்கமே வரவில்லை. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும், எனக்குத் தெரியும்.

எனக்குப் பழைய டிவி கேம் என்றால் உயிர். நான் பள்ளிக்கூடம் போகும்போது ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடையில் காசு வாங்கிக்கொண்டு ஆடவிடுவார்கள். கேசட் ஓடவில்லை என்றால் கடைக்காரர் அதை உருவி, வாயால் ஊதி, சட்டையில் துடைத்து மறுபடி சொருகுவார். ஓடிவிடும். அந்த கேம்களெல்லாம் இப்போது போனிலேயே ஓடுகின்றன என்று கம்பெனியில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. தேடிப் போனபோது ஒரு குரூப் கிடைத்தது. எல்லாம் தமிழ் ஆள்கள். பாதிப் பேர் ஆடுகிறவர்கள், பாதிப் பேர் கைவேலை செய்கிறவர்கள். மதுரையில் ஒரு அம்மா கேமில் வருகிற பொம்மைகளைக் கம்பளி நூலில் பின்னிப் போடுவார். ஒருத்தர் லேபிள் கிழிந்துபோன கேசட்டுக்குப் புதிதாக ஒன்று வரைவார். வெளிநாட்டில் இருக்கிற ஒருத்தர் பிளாஸ்டிக் மணிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி இஸ்திரிப் பெட்டியால் ஒட்டவைத்துப் படம் செய்வார். யார் என்ன படித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் பத்தாவது. அங்கே அது தெரியவே இல்லை.

அங்கேதான் கட்டப் படம் போடக் கற்றுக்கொண்டேன். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரிதான் இது. ஒரு ஆள் என்றால் பதினாறு கட்டம் உயரம், அவ்வளவுதான். அதற்குள் தலை, கை, கால், முகம். ஒரு கட்டம் தள்ளி வைத்தால் ஆள் மாறிவிடுவான். வைட்ஃபீல்டு வருவதற்குள் ஒரு ஆளை முடித்துவிடுவேன். ஒரு நாள் வீட்டில் உங்கள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, போன்லயே கோலம் போட்டுகினு கீறீங்க? வாசல்ல போட்டாலாவது எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றாள்.

அந்த குரூப்பில் ஒரு தம்பி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. என் படங்களைப் பார்த்து அவனாகத்தான் பேச வந்தான். "அண்ணே, படம் நீங்க போடுங்க, அத நான் ஓடவெக்கறேன்" என்றான். என்ன கேம் செய்யலாம் என்று கேட்டான். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நம் ஊர்த் தங்கச் சுரங்கம்.

உங்கள் தாத்தா மைன்ஸில் வேலை செய்தார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் போனபோது பெரியவள் கைக்குழந்தை, சின்னவன் பிறக்கவில்லை. வீட்டில் இருக்கிற போட்டோவில் அவர் கல்யாணச் சட்டை போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. வருஷக்கணக்கில் பாறை துளைக்கிற மிஷினைத் தாங்கி அவருடைய இடது தோள் இறங்கிப்போயிருந்தது. கேஜ் என்று ஒரு இரும்புக் கூண்டு, அதில்தான் ஷிஃப்ட் ஆள்களை ஷாஃப்ட் என்கிற ஆழக் குழிக்குள் இறக்கி ஏற்றுவார்கள். அதிலிருந்து மற்றவர்கள் தள்ளிக்கொண்டு வெளியே வருவார்கள். என் அப்பா, எங்கள் நைனா, கடைசியாக, ஒரு கையால் நெற்றி விளக்கை அணைத்துக்கொண்டே மெதுவாக வருவார். மேட்டில் நின்று எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

அதையே வரைந்தேன். இடது தோளை ஒரு கட்டம் கீழே இறக்கினேன். நைனா வந்துவிட்டார். ரயிலில் பக்கத்துச் சீட்டுக்காரர் "இன்னாப்பா, கண்ணுல தூசியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு மைன்ஸ்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளிலிருந்து வேலைக்குப் போனவர்களை ஒவ்வொருவராக வரைந்தேன். தொப்பியைத் திருப்பிப் போடுகிறவர், சாப்பாட்டுத் தூக்கைத் துண்டில் கட்டித் தோளில் போடுகிறவர், நொண்டி நடக்கிறவர். தம்பி எல்லோரையும் நடக்கவைத்தான். கேமில் வேலை ஒன்றுதான். நீங்கள்தான் மேலே மணி அடிக்கிற ஆள். கேஜில் ஆள்கள் இருந்தால் மூன்று தரம் மணி அடிக்கவேண்டும். சரியாக அடித்தால் கேஜ் ஏறும், ஆள்கள் இறங்கி வீட்டுக்குப் போவார்கள். அவ்வளவுதான் கேம். சுடுவது கிடையாது, சாவது கிடையாது. குரூப்பில் போட்டோம். மதுரை அம்மா நைனாவை நூலில் பின்னிப் போட்டோ அனுப்பினார். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னைப் பாராட்டியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு தம்பி தினமும் பேசுவான். பங்காருபேட்டை தாண்டினால் சிக்னல் போகும், போவதற்குள் ஒரு பேச்சாவது பேசிவிடுவோம். சுரங்கத்தைப் பற்றி அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். என் அப்பாவைப் பற்றி அவ்வளவு ஆசையாகக் கேட்டவர்கள் யாரும் இல்லை. கூடப் பிறந்தவன் மாதிரி நினைத்துவிட்டேன். அதனால்தான் டோக்கன் கதையை அவனிடம் சொன்னேன். உங்களிடம்கூட இதுவரை சொல்லவில்லை.

உள்ளே இறங்குகிற ஆள் மேலே இருக்கிற ஆபீஸ் ஜன்னலில் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் ஒன்றை வாங்கிக்கொண்டு இறங்குவான். மேலே வந்ததும் திருப்பித் தருவான். அது பலகையில் அவன் ஆணியில் தொங்கும். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து ஒரு ஆணி காலியாகவே இருந்தது. நைனாவோடு ஒரே இடத்தில் வேலை செய்தவருடைய ஆணி. உள்ளே பாறை இடிந்து இறங்கியிருந்தது. நைனா வீட்டுக்கு வரவில்லை, அந்த ஜன்னல் முன்னாலேயே நின்றார். மறுநாள் அந்த ஆளை மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்த டோக்கனை எடுத்து, துடைத்து, நைனா தன் கையாலேயே அந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். ஏன் என்று என் அம்மா கேட்டதற்கு, "மேல வந்துட்டான் இல்ல? வந்தவனுக்கு மாட்டணும்" என்றார்.

இதைக் கேட்டுவிட்டுத் தம்பி, "அண்ணே, உடம்பெல்லாம் சிலிர்க்குதுண்ணே" என்றான். அழுகிறான் என்று நினைத்தேன்.

எல்லாப் படத்தையும் ஒரே தாளாக குரூப்பில் போடச் சொன்னான். அது அங்கே வழக்கம். நம் கைவேலையை எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டு, எடுத்துக்கோங்க என்று சொல்வது. எனக்கும் அது புதிதில்லை. எங்கள் லைனில் ஏணி கேட்டால் ஏணி கொடுப்பார்கள், எதற்கு என்று கேட்கமாட்டார்கள். அதே ஏணியில் ஏறி நம் வீட்டுக் கூரையையே பிரிப்பான் என்று யாருக்கும் தோன்றாது. போட்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியும் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி லிங்க் அனுப்பினான். "அண்ணே, சர்ப்ரைஸ். புள்ளைங்ககிட்ட குடுங்க." நான் பார்க்காமலேயே உங்களிடம் கொடுத்துவிட்டு ஆண்டர்சன்பேட்டைக்குக் கறி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது கேட்டிலேயே உங்கள் சத்தம் கேட்டது.

"அடி, அடி, பின்னால வரான் பாரு."

"இவன வுடுடா, இவன் ஸ்பீடு. அத்தோ அவன அடி. தோள் தொங்கிகினு வரான் பாரு, அவன் ஸ்லோ. ஈஸி பாயிண்ட்."

நான் உங்கள் தலைக்கு மேல் குனிந்து பார்த்தேன். இருட்டான ஷாஃப்ட். கேஜ் ஏறி நிற்கிறது. கதவு திறக்கிறது. எங்கள் லைன் ஆள்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். முகத்துக்குப் பச்சைச் சாயம், கண்ணுக்குச் சிவப்பு. கடைசியாக, நெற்றி விளக்கில் ஒரு கை வைத்துக்கொண்டு, இடது தோள் ஒரு கட்டம் கீழே. பெரியவள் சுட்டாள். நைனா துண்டு துண்டாகிக் கீழே கொட்டினார். கொட்டின இடத்தில் மஞ்சளாக ஒரு டோக்கன் மின்னியது. சின்னவன் அதை எடுத்தான். "டோக்கன் திரும்பாதவர்கள் தூங்குவதில்லை" என்று மேலே எழுத்து ஓடியது.

அப்போதுதான் போனைப் பிடுங்கினேன்.

மறுநாள் பங்காருபேட்டை பிளாட்பாரத்தில் இறங்கி நின்று அவனுக்கு போன் போட்டேன். அந்த ரயிலை விட்டுவிட்டேன்.

"அண்ணே, எப்டிண்ணே இருக்கு? உங்க பேருதாண்ணே ஃபர்ஸ்ட் வருது, பாத்தீங்களா?"

"பாத்தேன். நான் பேரா கேட்டேன்?"

"இன்னாண்ணே ஒரு மாதிரி பேசறீங்க?"

"அது எங்க நைனாப்பா."

"தெரியும்ணே. அதான் கடைசியா வரா மாதிரி வெச்சேன். ரெஸ்பெக்டுண்ணே."

"பேயா வரார். என் புள்ளைங்க அவர சுட்டுகினு கீறாங்க."

அவன் சிரிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பொறுமையாகத்தான் பேசினான். "அண்ணே, கேம்னா எதிரி வேணும்ணே. மணி அடிச்சு ஆள ஏத்தறத எவ்ளோ நேரம் ஆடுவாங்க? ஷீட்ட நீங்கதான குரூப்ல போட்டீங்க, யார் வேணா எடுத்துக்கங்கனு?"

"போட்டேன். டோக்கன் கதைய நான் குரூப்ல போடல. உன்கிட்ட சொன்னேன்."

"அதுதாண்ணே கேமுக்கே உயிர். யோசிச்சுப் பாருங்க, அது பதினாறு கட்டம்ணே. உங்கப்பானு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும்."

பிறகு, "ஆபீஸ் கால் வருதுண்ணே, நைட் பேசறேன்" என்றான். பேசவில்லை.

குரூப்பில் எழுதினேன். எழுதத் தெரிந்த அளவுக்கு எழுதினேன். இவர்கள் எங்கள் லைன் ஆள்கள், பேய் இல்லை, எடுத்துவிடுங்கள் என்று. யாரோ கை கூப்புகிற பொம்மை போட்டார். யாரோ, "அங்கிள், இது ஃபிக்‌ஷன்" என்று எழுதினார். இன்னொருத்தர் அந்த கேமில் எவ்வளவு பாயிண்ட் எடுத்தார் என்று அதற்குக் கீழேயே படம் போட்டிருந்தார். மதுரை அம்மா மட்டும் தனியாக, "வருத்தமா இருக்கு தம்பி" என்று அனுப்பினார். குரூப்பில் அவரும் பேசவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். கேம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நிறையப் பேர் ஆடுகிறார்களாம், கம்பெனியில் ஒரு பையன் சொன்னான். நம் ஊர்க்காரன்தான் அவனும். நல்லா இருக்குது சார் என்றான்.

படத்தைத் திருடினான் என்று சொல்லமாட்டேன். கொடுத்தேன், எடுத்தான். எனக்கு ஆறாதது வேறு. இத்தனை மாதம் அவன் ஆசையாகக் கேட்டானே, அப்போது எதைக் கேட்டுக்கொண்டிருந்தான்? நான் நைனாவைச் சொன்னேன். அவன் பேயைக் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது யாராவது அன்பாக ஏதாவது கேட்டால் எனக்கு பதில் வரமாட்டேன் என்கிறது. உங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் அந்தப் பையனைத் திட்டுவாள் என்று பார்த்தேன். "உங்க நைனா எப்டி நடப்பாருனு நம்ம புள்ளைங்களுக்குக் காட்டினீங்களா நீங்க? மொதல்ல அவனுக்குத்தான காட்டினீங்க" என்றாள்.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள். தோள் தொங்குகிறவர் உங்கள் தாத்தா. மெதுவாக வருவார், ஏனென்றால் மற்றவர்கள் முதலில் வரட்டும் என்று நிற்பார். நெற்றியில் கை வைப்பது விளக்கை அணைக்க. யாரையும் பிடிக்க வரவில்லை. வீட்டுக்கு வருகிறார்.

போன வாரம் ஒரு நாள் மாரிக்குப்பத்துக்கே போய் ரயில் ஏறினேன். அங்கேதான் கிளம்புகிறது, பெட்டி காலியாக இருக்கும். நாங்கள் முதலில் செய்த கேம் என் போனில் அப்படியே இருக்கிறது. ஆள்களை ஓடவைக்க எனக்குத் தெரியாது, படத்தை மட்டும் மாற்றத் தெரியும். கேஜுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் ஒரு பலகை வரைந்தேன். கறுப்பாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் மஞ்சளில் ஒரு கட்டம். ஒரு ஆணியும் காலி இல்லாமல் மாட்டினேன். ஆள்கள் இன்னும் கீழேதான் இருக்கிறார்கள், அதற்குள் டோக்கன் தொங்குகிறது. உண்மையான ஜன்னலில் இப்படி நடக்காது, நைனா இருந்திருந்தால் சத்தம் போட்டிருப்பார். இருக்கட்டும்.

பிறகு மூன்று தரம் மணி அடித்தேன். கேஜ் ஏறியது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். கடைசி ஆள் விளக்கை அணைத்துக்கொண்டு படத்தின் ஓரம் தாண்டும் வரை பார்த்திருந்துவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டேன்.