ஒரு கூந்தல் குறிப்பை வாபஸ் வாங்குகிறேன்

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், பலாங்கொடையில் ஒரு சலூன் நாற்காலியில் என் அண்ணி உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பல் பிடுங்க வந்தவர் மாதிரி இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தலையில் நான்கு கிளிப். அதற்கு மேல் அகலமாக ஒரு துணி பேண்ட். எதையும் அவிழ்க்க விடமாட்டேன் என்கிறார்.

"கழுத்துக்குக் கீழ உள்ள முடிய என்ன வேணும்னாலும் செய்யச் சொல்லு. மேல கை வைக்கக் கூடாது."

சலூனுக்கு வந்துவிட்டுத் தலையில் கை வைக்காதே என்றால் என்ன செய்வது? சாப்பாட்டுக் கடைக்குப் போய் வாயைத் திறக்கமாட்டேன் என்கிற கதைதான்.

அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் யோகராணி. என் அண்ணனின் மனைவி. பலாங்கொடைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கி ஏறுகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்தைந்து வருடமாக அதே மலை, அதே வேலை. அவருடைய ஒரே மகள் தர்ஷினிக்குத்தான் இப்போது கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் இரத்தினபுரி பஜாரில் கடை வைத்திருப்பவர்கள். நல்ல மனிதர்கள், நல்ல சம்பந்தம். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது... அண்ணி ஒரு குண்டைப் போடும் வரைக்கும்.

மேடைக்கு வரமாட்டாராம்.

"தாரை வார்க்கிறப்ப தண்ணி ஊத்துறது பொண்ணோட அம்மா இல்லியா, அண்ணி?" என்று கேட்டேன்.

"நீ ஊத்து. நீதான் படிச்சவ. நான் சமையல் பக்கம் நின்னுக்கிறேன்."

அண்ணன் கத்திப் பார்த்தார். பலனில்லை. "அம்மா மேடைல இல்லாட்டி எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்" என்று தர்ஷினி இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தாள். அதற்கும் அண்ணி அசையவில்லை. காரணத்தையும் சொல்லவில்லை. கடைசியில் வழக்கை என் தலையில் கட்டினார்கள். நன்றாக உடுத்தி, தலை அலங்காரம் செய்து, கண்ணாடியில் காட்டினால் கூச்சம் போய்விடும் என்று நான்தான் பெரிய ஆள் மாதிரி யோசனை சொன்னேன். நான் யார்? கூந்தல் நிபுணி அல்லவா?

இந்தப் பட்டம் எனக்கு எப்படி வந்தது என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சுருக்கமாக.

எனக்கு நெளிமுடி. நேராகவும் இல்லை, சுருட்டையாகவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்கத் தெரியாமல் நிற்கிற முடி. பள்ளிக்கூடத்தில் பரட்டை என்றார்கள். தேங்காயெண்ணெயைக் கை நிறைய அப்பி, கண் மேலே ஏறுகிற மாதிரி இழுத்துப் பின்னி, ரிப்பன் கட்டி அடக்கினார்கள். டீச்சர் வேலை கிடைத்துச் சொந்தச் சம்பளம் வந்ததும் நானே அடக்கினேன். சேலைக்கு அயன் போடும் நேரத்தில் முடிக்கும் அயன். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நேராக இருக்கும். பஸ் ஸ்டாண்டில் தூறல் பிடிக்கும். ஸ்கூல் கேட்டைத் தாண்டும்போது பழைய பரட்டை வந்து வரவேற்கும்.

பிறகு ஒரு நாள் ஃபோன் சொன்னது: அது பரட்டை இல்லையாம், நேச்சுரல் வேவ். அதே முடி, அதே மண்டை. பெயர் மட்டும் மாறியதும் மரியாதை வந்துவிட்டது. நானும் விழுந்து விழுந்து கற்றுக்கொண்டேன். நெளிமுடியைக் காய்ந்தபின் சீவக் கூடாது. ஈரத்தில் கண்டிஷனர் இருக்கும்போதே விரலால் சிக்கெடுக்க வேண்டும். டவலால் பரபரவென்று தேய்க்கக் கூடாது. பழைய காட்டன் டி-ஷர்ட்டில் சுருட்டிக் கட்டி வைக்க வேண்டும். பிறகு கீழிருந்து மேலாகக் கையால் கசக்கி விட வேண்டும். படுக்கும்போது சாட்டின் தலையணை உறை. "முடிக்கு சாட்டின், எனக்குப் பழைய சாரத்துணியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதை இந்தப் பக்கத்திலேயே எழுதி, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நினைவிருக்கும்.

அப்படியிருக்க, ஐந்து வாரத்துக்கு முன்னால் தோட்டத்துக்குப் போனேன். சாயங்காலம் மலையிலிருந்து வந்த அண்ணி, வாசலில் எனக்கு முதுகைக் காட்டி நின்று தலைத்துணியை அவிழ்த்தார். எனக்கு வயிறெரிந்துவிட்டது. இடுப்பு வரைக்கும் அலை அலையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், பளபளவென்று... நான் ஆறு போத்தலும் ஒரு சாட்டின் உறையும் வைத்துக்கொண்டு தேடுகிற முடி அது.

"என்ன போடுறீங்க, அண்ணி?"

"என்னத்தப் போடுறது? விடிய முழுகுறேன். காய வைக்க ஏது நேரம்? மூத்த மகனோட பழைய டி-ஷர்ட்ட சுத்திக்கிட்டு, அதுமேல துவாய மடிச்சுப் போட்டு, கூடைய மாட்டிக்கிட்டு போயிடுறேன்."

டி-ஷர்ட். கேட்டீர்களா? வெளிநாட்டுக்காரிகள் வீடியோ போட்டு வகுப்பெடுக்கிற வித்தையை, இங்கே ஒரு மனுஷி விடியலில் பேர் பதிகிற பிரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் செய்துகொண்டிருக்கிறார். பின்னால் நின்று நாலு ஃபோட்டோ எடுத்தேன். அடுத்த வாரமே எழுதினேன், 'தோட்டத்துப் பெண்களின் அலைக்கூந்தல் ரகசியம்' என்று. கூந்தல் உள்ள மகராசி அள்ளியும் முடிவாள், அவிழ்த்தும் விடுவாள் என்று பழமொழியெல்லாம் வைத்து ஜோடித்தேன். அதில் ஒரு வரி இப்படி: "நாள் முழுவதும் தலையில் அழுத்தும் கூடையின் பாரம், அலைகளை அழகாகப் படிய வைக்கிறது."

நான் எழுதியதுதான். கை கூசாமல் எழுதினேன்.

பாராட்டு குவிந்தது. கொழும்பிலிருந்து ஒரு வாசகி ஃபோன் பண்ணி, லீவுக்கு ஒரு வாரம் தோட்டத்தில் தங்கினால் பலன் கிடைக்குமா என்று விசாரித்தார். இன்னொருவருக்குக் கூடை என்ன சைஸ் என்று தெரிய வேண்டியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணியிடம் பத்தியை வாசித்துக் காட்டினேன். சிரித்தார்.

"கூடையும் தாரேன், வந்து சுமக்கச் சொல்லு, டீச்சரம்மா" என்றார். சொல்லும்போது தலையிலிருந்த பேண்டைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து விட்டுக்கொண்டார். பார்த்தேன். ஆனால் என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது சலூனுக்குத் திரும்புவோம்.

சலூன் நடத்துகிற பெண் நிலூக்கா. சிங்களப் பிள்ளை, அதிகம் போனால் இருபத்தாறு வயது இருக்கும். அண்ணியின் முதுகில் கிடந்த முடியைக் கையில் ஏந்தி, "கொண்டே ஹரி லஸ்ஸனய், அக்கே" என்றாள். முடி ரொம்ப அழகு என்று சொல்கிறாள். அண்ணிக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். ஆனாலும் கை பேண்டுக்குத்தான் போனது. நிலூக்கா என்ன நினைத்தாளோ, நாற்காலியைக் கண்ணாடிக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினாள். கதவைச் சாத்தினாள். ஒவ்வொரு கிளிப்பாக, கேட்டுக் கேட்டு எடுத்தாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

முன்பக்கத்திலிருந்து பின்னால் வாரிப் படிய வைத்திருந்த முடி விலகியது.

ஒரு காதுக்கு மேலிருந்து மறு காது வரைக்கும், உச்சி வழியாக, மூன்று விரல் அகலத்தில் முடியே இல்லை. தேயிலைக்குள்ளே நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை மாதிரி, வழவழவென்று வெறும் தோல். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் வயிறெரிந்த அந்த அலைகள்.

"மே மொகத, அக்கே?" இது என்ன அக்கா என்று கேட்டாள் நிலூக்கா.

"கூடே லணுவ, நங்கி."

கூடைக் கயிறு, தங்கச்சி. முதுகில் தொங்கும் கூடையை உச்சியில் தாங்குகிற கயிறு. அவ்வளவுதான் சொன்னார்.

நிலூக்கா சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு, "மகே அம்மாட்டத் தியெனவா" என்றாள். என் அம்மாவுக்கும் இருக்கிறது. அவளுடைய அம்மாவும் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொழுந்தெடுக்கப் போனவர்தானாம்.

எனக்குத்தான் வாய் அடங்கவில்லை. "ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? பின்னாலேருந்து போட்டோதானே எடுத்த."

வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம், என்மேலேயே. இருபத்தைந்து வருடம் ஒரு வீட்டில் வந்து போய் இருக்கிறேன். கூடையின் பாரம் முடியை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வரிதான். அதையும் அச்சில் போட்டு, அவரிடமே வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

அதன்பிறகு அண்ணியே மேடை விஷயத்தைச் சொன்னார். "தண்ணி ஊத்தக் குனியணும்ல. வீடியோக்காரன் மேலேருந்து புடிப்பான். அவுங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் முன்னுக்குத்தான் ஒக்காருவாங்க. மொட்டைச்சி மகள்னு தர்ஷினிய ஒரு சொல்லு சொல்லிட்டா? நான் கீழயே இருந்துட்டுப் போறேன். எனக்கொன்னும் கொறைஞ்சு போயிடாது."

நிபுணி என்ன செய்வாள்? ஃபோனை எடுத்தேன். சீரம், சின்ன வெங்காயச் சாறு, கறிவேப்பிலை எண்ணெய் என்று வரிசையாக வாசித்தேன். நிலூக்கா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். வேர் செத்துவிட்டதாம். இனி எதை ஊற்றினாலும் அது தோலுக்குத்தான். ஒட்டுமுடி வைக்கலாமே என்றேன். "தாரை வார்க்கையில தண்ணிக்குள்ள விழுந்தா, அதையும் சேத்தா தானம் பண்றது?" என்று அண்ணி கேட்டார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

வழி சொன்னது நிலூக்காதான். அவளுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "பூ பின்னால வேணாம். மேல. இந்தக் காது, அந்தக் காது" என்று கையால் காட்டினாள். அவளுடைய கல்யாணத்துக்கு அவள் அம்மாவுக்கு அப்படித்தான் வைத்து விட்டாளாம். அண்ணி கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். "ஒங்கம்மா மேடைக்கு வந்தாங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். வந்தார்கள் என்றாள்.

போன புதன்கிழமை கல்யாணம்.

நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம், காதிலிருந்து காது வரைக்கும், கயிறு கிடந்த அதே தடத்தில். அயனும் இல்லை, ஸ்ப்ரேயும் இல்லை. நெளிமுடியை அதன் இஷ்டத்துக்கு விட்டு, கழுத்துக்கு மேல் தளர்வாக ஒரு கொண்டை. அண்ணி மேடையேறினார். செம்பை வாங்கினார். ஒரு நொடி நின்றார். பிறகு குனிந்து ஊற்றினார். வீடியோக்காரன் எதிர்பார்த்தபடியே மேலேயிருந்து பிடித்தான். தர்ஷினி அழுத அழுகையில் கண் மை கன்னத்துக்கு வந்துவிட்டது. காலை ஐந்து மணியிலிருந்து அந்த மையைப் போட்டவள் நான். ஆனாலும் திட்டவில்லை.

பந்தி ஆரம்பமாகும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மூன்று பேர் அண்ணியைச் சூழ்ந்துகொண்டார்கள். மூவருக்கும் அயன் போட்டு நீவிய முடி. வெளியே மழை பிடித்திருந்ததால் நுனியெல்லாம் மெல்லச் சுருளத் தொடங்கியிருந்தது. பாவம், அவர்களும் நம்ம ஜாதிதான் போல.

"சம்மந்தியம்மா, பூவ இப்படி மேல வச்சிருக்கீங்களே, இது என்ன ஸ்டைலுங்க? நாங்க பாத்ததே இல்ல. எந்த சலூன்?"

நான் பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். கொழும்பில் இப்போது இதுதான் ஃபேஷன் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என் கையை அமுக்கினார்.

"சலூன்ல வராதுங்க" என்றார், நிதானமாக. "இருபத்தஞ்சு வருசம் தலையில கூடைய மாட்டிக் கொழுந்தெடுக்கணும். அப்புறம் தானா வரும்."

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சம்மந்தியம்மா நல்லாத் தமாஷ் பண்றாங்க என்றார்கள். ஒருத்தி அதற்குள் ஃபோனை எடுத்து ஃபோட்டோ பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்றுதான்.

அவர்களுக்குப் பின்னாலேயே, அண்ணியோடு ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் பந்திக்காக நின்றிருந்தார்கள். பேச்சு அவர்கள் காதிலும் விழுந்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒருத்தியின் கை மட்டும் மெதுவாகத் தன் உச்சிக்குப் போய், தடவிவிட்டுக் கீழே வந்தது.

ஆகவே, வாசகர்களே, நான்கு வாரத்துக்கு முன் எழுதிய குறிப்பை வாபஸ் வாங்குகிறேன். ஈரத்தலைக்கு டி-ஷர்ட் சுற்றுங்கள், தப்பில்லை, அலை நன்றாகவே வரும். கூடையைப் பற்றி எழுதிய வரியை மட்டும் கிழித்துப் போடுங்கள். சைஸ் கேட்டவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு நான் தப்பான பழமொழியை எடுத்துவிட்டேன். எடுத்திருக்க வேண்டியது இதை: மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர். (ஆசிரியர் தயவுசெய்து 'முடி' என்று திருத்த வேண்டாம்.) எங்கள் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இழுத்துப் பார்த்துவிட்டார்கள். மயிர் போய்விட்டது.

மலையில் ஒரு பேர்ச் நிலம்கூட இன்னும் எங்கள் பெயருக்கு வந்து சேரவில்லை.