ஒரே ஒரு பாஸ்

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். கீமோவில் வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கியிருந்த வாரம் அது. "இப்ப காய்ச்சல் வந்தா தாங்க மாட்டார்" என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் எனக்குப் பயம்.

நம் சனத்துக்கோ, ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் போய்ப் பார்க்காவிட்டால் பெரிய குற்றம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஜீவனஹள்ளியிலிருந்தும் ஹெப்பகோடியிலிருந்தும் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். வராதீர்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நோயாளிக்கு ஒரு பாஸ்தான். "ஒப்பரே ஹோகி", ஒருத்தர் மட்டும் போங்க என்று கன்னடத்தில் சொல்லி ஒற்றை விரலைக் காட்டினார் செக்யூரிட்டி. ஒருவர் கீழே வந்து, கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்றி அடுத்தவருக்கு மாட்டிவிட வேண்டும்.

நான் லிஃப்ட் வாசலில் சானிடைசரோடு நின்றேன். கோயிலில் தீர்த்தம் கொடுப்பதுபோல் ஒவ்வொரு கையிலும் ஊற்றினேன். பூவையும் பழத்தையும் பிடுங்கி வைத்தேன். இருபது வருஷம் டீச்சராக இருந்தவள், மிரட்டத் தெரியாதா?

கடைசியாகச் சித்தப்பா. பாஸை மாட்டிக்கொண்டவர், அட்டையைப் பிடித்திருந்த கையாலேயே வாயைப் பொத்தி இருமினார்.

"சளியா சித்தப்பா?"

"சேச்சே, ஏசி ஒத்துக்கலம்மா. தொண்ட கரகரங்குது, அவ்ளோதான்."

"நீங்க மேல போக வேணாம். கழட்டுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு உள்ளூரப் பெருமை. அட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு, கையை நன்றாகத் தேய்த்துவிட்டு நானே மேலே போனேன்.

தலையணையை உயர்த்தக் குனிந்தபோது அட்டை தம்பியின் கன்னத்தில் விழுந்தது. அவன் அதை எடுத்து ஒதுக்கிவிட்டுக் கண்ணைக் கசக்கினான். "சித்தப்பாவையே திருப்பி அனுப்பிட்டேன்டா" என்றேன். "நீ வாட்ச்மேன் வேலைக்கே போலாம்க்கா" என்று சிரித்தான்.

கீழே வரும்போது அட்டை கையில் பிசுபிசுத்தது. அப்போதுதான் உறைத்தது. லிஃப்டிலேயே அதைத் துடைதுடையென்று துடைத்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

செவ்வாய்க்கிழமை காலை தம்பி போர்வையை இழுத்துக்கொண்டான். "அக்கா, குளிருதுக்கா."

டாக்டர் தெர்மாமீட்டரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "சளி இருமலோட யாராவது உள்ள வந்தாங்களா?"

"யாரையும் விடல டாக்டர்" என்றேன். பாஸ் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.