தண்ணீருக்கு மேலே ஒரு கை

நான் வெல்டர். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. படிப்பு ஏழாவதோடு நின்றது. பேச்சும் அவ்வளவுதான்.

என் மனைவியின் தம்பி பாஸ்டர். நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போகிறேன் என்று அவன் வந்து நின்றபோது, "சோத்துக்கு இன்னா பண்ணுவே?" என்று கேட்டவன் நான். இப்போது அவன் சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் அவனை ஐயா என்பார்கள். எனக்கு வாயில் வராது. தொண்டையைச் செருமுவேன். திரும்பிப் பார்ப்பான்.

ஞானஸ்நானம் எடுக்காதவனுக்குத் திருவிருந்து கிடையாது. அப்பத் தட்டு வரிசையாக வரும். என்னைத் தாண்டிப் போகும். அது ஒருநாள் என்னிடம் நிற்க வேண்டும் என்றுதான் கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவி ஜெபம் பண்ணினாள். நகை கேட்டிருந்தால் சுலபம். அவர்கள் சபையில் நகையும் போடுவதில்லை.

போன வருஷம் ஒருவழியாகச் சரி என்றேன்.

சபை மேடைப் பலகையை எடுத்தால் கீழே ஞானஸ்நானத் தொட்டி. லாரித் தண்ணீர் வாங்கி மார்பளவு நிரப்பியிருந்தார்கள். படி ஓரமாகக் கைப்பிடிக் கம்பி. அது நான் வெல்டிங் வைத்தது. அதன் உறுதி எனக்குத் தெரியும். மச்சானின் உறுதி தெரியாது. அவன் ஒல்லி. நான் தொண்ணூறு கிலோ.

வெள்ளை வேட்டி சட்டையில் இறங்கினேன். கைகளை மார்பில் கட்டிக்கொள்ளச் சொன்னான். கட்டினேன். பிடரியில் கை வைத்து, பிதா, குமாரன் என்று ஆரம்பித்துப் பின்னால் சாய்த்தான். கால் தரையை விட்டது. அவ்வளவுதான். ஒரு கை தானாகப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது. ஆள் முழுக்கத் தண்ணீருக்குள். அந்தக் கை மட்டும் வெளியே, காய்ந்தபடி.

எழுந்தபோது அல்லேலூயா பாதியில் நின்றிருந்தது. முன்வரிசையில் இருந்த பூக்கார அக்கா சொன்னாள்: "அண்ணாத்தே, நீ ரட்சிக்கப்பட்டுட்டே. உன் கைதான் இன்னும் உலகத்துல கீது."

சபை சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் வந்தான்.

"மாமா, இது செல்லாது. இன்னொரு வாட்டி எறங்கணும்."

"கைக்கு மட்டும் ஒரு சொம்பு ஊத்திடேன்."

"கை நனையாதது இல்ல மாமா விசயம். சும்மா வெளிய வந்திருந்தா நானே வுட்டிருப்பேன். நீங்க கம்பியப் புடிச்சீங்க."

"நீ என்னைக் கீழ போட்டுட்டா?"

"நான் போட்டா ஆண்டவர் புடிப்பாரு."

"புடிக்கட்டும். கம்பி பக்கத்துல கீதே."

"முழுசா ஒப்புக்குடுக்குற வரைக்கும் தட்டு உங்களைத் தாண்டித்தான் போவும்" என்றான்.

என் கல்யாணத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றவன். கர்த்தர் தம் பிள்ளைகளைச் சிட்சிப்பார் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். வியாதி வரும், வேலை போகும், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மச்சானை வைத்துச் சிட்சிப்பார் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு வியாதியே தேவலாம்.

வீம்பாக இருந்தேன். அடுத்த திருவிருந்து வந்தது. தட்டு என்னைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போனது. என் மனைவியிடம் வந்தது. அவள் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளினாள். திராட்சைரசத்தையும் அப்படியே.

வண்டியில் திரும்பும்போது கேட்டேன்.

"ஏன் எடுக்கல?"

"உன் மேல கோவமா கீறேன். கோவத்தோட எடுக்கக் கூடாது."

"எப்ப தீரும்?"

"நீ கம்பிய வுட்டா தீரும்."



காய்ச்சலோடு வந்துகூடத் திருவிருந்து எடுத்தவள் அவள். நான் கம்பியைப் பிடித்தேன், அவள் பட்டினி. இது எனக்கு உறைக்க நேரமானது. மண்டை கொஞ்சம் கெட்டித் தகடு.

காட்டுப்பாக்கத்தில் மச்சான் வீடு. போனேன். லுங்கியோடு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"தண்ணி ரொப்பு" என்றேன்.

துணியைக் கீழே போட்டுவிட்டான். பிறகு கேட்டான்: "கம்பிய அறுத்துடலாமா மாமா?"

"வேணாம். இருக்கட்டும்."

வீரம் ஒன்றும் இல்லை. வெல்டிங் நன்றாக வந்திருந்தது.

மறுபடி இறங்கினேன். மார்பில் கட்டிய கைகளில் ஒன்றை இன்னொன்றால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சாய்த்தான். கால் தரையை விட்டது. மூக்கில் தண்ணீர் ஏறியது. அப்போது பரலோகம் தெரிந்ததா என்று பூக்கார அக்கா பிறகு கேட்டாள். ஒன்றும் தெரியவில்லை. இவன் தூக்குவானா என்ற ஒரே நினைப்புதான். தூக்கினான்.

அந்த மாதத் திருவிருந்தில் தட்டு என்னிடம் நின்றது. எடுத்தேன். எல்லோரையும் கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னான் மச்சான். நான் மூடவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தேன்.

அவள் மென்றுகொண்டிருந்தாள்.