சமையலறை ஜன்னலில் ஒரு கூடு

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குளவிக்காரர், அவ்வளவுதான். பாதுகாக்கப்பட்ட காட்டை ஒட்டிய ஆய்வகத்தில் வேலை. அந்தக் காட்டில் எத்தனை வகை வேட்டைக் குளவிகள் இருக்கின்றன என்று லென்ஸ் வைத்துப் பார்த்துப் பிரிப்பார். சிலந்தியை மயக்கி இழுத்துப் போவது ஒன்று, மண்குடம் கட்டிப் புழுவை அடைத்து வைப்பது ஒன்று என்று அத்தான் ஆரம்பித்தால் தட்டில் சாப்பாடு ஆறிவிடும். எனக்குக் கொட்டாவி வரும். அக்கா மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள்.

போன வருடம் அவர் பையோடு வந்த ஒரு குளவி அக்காவைக் கொட்டிவிட்டது. முகம் வீங்கி, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில்தான் கண் திறந்தாள். இன்னொரு தடவை கொட்டினால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அதிலிருந்து அத்தான் பையையும் சட்டையையும் வாசலிலேயே உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

போன மாதம் நான் போயிருந்தபோது சமையலறை வெந்துகொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது.

"கீல் பிடிச்சுக்கிச்சுடா, விடு," என்றாள் அக்கா.

விடுகிற ஆளா நான்? எண்ணெய்க் கிண்ணத்தோடு வெளியே சுற்றிப் போனேன். கீல் நன்றாகத்தான் இருந்தது. மேல்சட்டத்தில் காகிதம் போல ஒரு கூடு தொங்கியது. அதன்மேல் ஏழெட்டுக் குளவிகள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினேன்.

"மெதுவாப் பேசுடா. அவருக்குத் தெரிஞ்சா எனக்காக இதை அழிச்சுடுவார். அப்புறம் மனசு கேக்காம சாப்பிடவே மாட்டார்."

வாசலில் பையை உதறிக்கொண்டிருந்த அத்தான் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. வந்து கூட்டைப் பார்த்தார். வேர்த்து நனைந்திருந்த அக்காவைப் பார்த்தார்.

மறுநாள் விடியற்காலை, குளவிகள் குளிரில் மந்தமாக இருக்கும் நேரம். அக்காவை முன்னறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். அகலவாய் பாட்டிலைக் கீழிருந்து மெல்ல ஏற்றி, கூட்டின் காம்பை அறுத்து மூடினார். அதற்குள் தப்பிய இரண்டு குளவிகள் அவர் முகத்தைப் பதம் பார்த்துவிட்டன. அப்படியே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் காட்டோரம் ஒரு பழைய கொட்டகைக்குள் கூட்டை ஒட்டவைத்துவிட்டு வந்தார், வழக்கம்போல வாசலில் உதறிவிட்டு.

அக்கா ஜன்னலை விரியத் திறந்து வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரித்தாள், பிறகு அழுதாள். மருந்து தடவிக்கொண்டே கொட்டித் தீர்த்துவிட்டாள். "காட்டுல எத்தனை வகை வேணா இருக்கட்டும். வீட்டுல உங்களைக் கொட்ட நான் ஒருத்தி போதாதா?"

வீங்காத ஒரு கண்ணால் அத்தான் அவளையே பார்த்தார்.

"இந்த வகை என்கிட்ட ஒண்ணுதானே இருக்கு," என்றார்.