சின்னமாமாவும் நான்கு ரக்பி ஆட்டங்களும்

எனக்குப் பத்து வயது நடந்த ஒரு பெப்ரவரியில், வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வரை, இத்தாலியில், பலேர்மோவின் சீசாப் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் நான்கு ரக்பி ஆட்டங்கள் பார்க்கப்பட்டன. நான்கைப் பற்றியும் சின்னமாமா சொன்ன கருத்துகள் என் பள்ளிக்கூடக் கொப்பியில் நேரத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன. எதையும் நேரம் போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. வீட்டில் அதை வியாதி என்றார்கள். மாமா மட்டும் வேலை என்றார்.

சின்னமாமா அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு ரக்பிப் பைத்தியம் பிடிக்கக் காரணம் அவருடைய அண்ணன், எங்கள் பெரியமாமா. அவர் கண்டியில் ஒரு புடவைக்கடையில் நின்றபோது தம்பியையும் கூட்டிப்போய் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். கண்டிப் பள்ளிக்கூடங்களுக்கு ரக்பிதான் உயிர். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலை குனிந்து முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்மில் மாமா முன்வரிசை. பெரியமாமாவுக்கு விதி ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கடையில் லீவு கேட்டு வந்து கோட்டுக்கு வெளியே நிற்பாராம்.

பலேர்மோவில் கால்பந்தைத் தவிர வேறு விளையாட்டு இருப்பதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அப்பாவும் அதே கட்சி. "பண்டியள் கிழங்குத் தோட்டத்துக்குள்ளை பூந்த மாதிரி" என்பார்.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குச் சற்று முன்பு, பெரியமாமா மாரடைப்பில் இறந்துவிட்டதாக ஊரிலிருந்து அப்பாவுக்குத் தொலைபேசி வந்தது. சின்னமாமா அந்நேரம் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் படி கழுவிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் அப்பாவும் அம்மாவும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: திங்கட்கிழமை வரை அவருக்குச் சொல்வதில்லை.

திங்கள் காலை எட்டரைக்கு மாமாவுக்குக் குவெஸ்தூராவில், அதாவது வெளிநாட்டவரின் தாள்களைக் கவனிக்கும் பொலிஸ் தலைமையகத்தில், விரலடையாளம் கொடுக்கும் முறை. ஏழு வருடம் தாள் இல்லாமல் இருந்தவருக்குக் கிடைக்கப்போகும் முதலாவது பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி. அது கைக்கு வருமுன் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. பெரியமாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவர் சின்னமாமா. செய்தி கேட்டால் அவர் நின்று யோசிக்கமாட்டார், அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார் என்று அப்பா பயந்தார். அந்தப் பயம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: "இஞ்சை பார், ரெண்டு நாளைக்கு மாமாவை டிவிக்கு முன்னாலை இருத்து. கேள்வி கேள். சொல்லுறதெல்லாத்தையும் எழுது. வெளியிலை விடாதை."

"ஏனப்பா?"

"மழை வரப்போகுது."

மாமாவின் கைத்தொலைபேசியின் கண்ணாடி மாதக் கணக்காக வெடித்துக் கிடந்தது. அன்று அப்பா தாமாகவே அதைத் திருத்தக் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். போதாததற்கு அவரும் வந்து ரக்பி பார்க்க உட்கார்ந்தார்.

"அக்கா, அத்தானுக்குக் காய்ச்சலோ?" என்று மாமா சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் பச்சைச் சட்டையும் வெள்ளைச் சட்டையும் மோதின. மாமா அணிகளின் பெயரைச் சொல்லமாட்டார், நிறத்தைத்தான் சொல்வார். கொப்பியில் இருப்பது: பச்சைக்காரருக்கு முன்வரிசை இல்லை, மூன்று பேர் வாசலுக்குப் போட்ட திரைச்சீலை மாதிரி நிற்கிறார்கள். மழையில் பந்தைக் கையில் வைத்திருக்கிறவன் மடையன், உதைக்க வேண்டும். நடுவர் நல்லவர், ஆனால் பயந்தவர். வெள்ளை வெல்லும் என்று இருபதாம் நிமிடத்தில் சொன்னார். வென்றது.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி ஆட்டத்துக்குக் கீழ்மாடி அங்கிள் வந்தார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை. அப்பா அவருக்கு விஷயத்தைச் சொல்லி, துணைக்கு வந்து இருக்கும்படி கேட்டிருந்தார். அவரும் கடமையைச் சரியாகச் செய்தார்.

"கோல்கீப்பர் எங்கை தம்பி?"

"இதிலை அப்பிடி ஒருத்தரும் இல்லை, அண்ணை."

"அப்ப ஏன் எல்லாரும் அவனுக்கு மேலை விழுகினம்?"

"பந்து அவனிட்டைக் கிடக்கு."

"குடுத்திட்டு வீட்டை போகச் சொல்லுமன்."

மாமா சிரித்த சிரிப்பையும் நேரம் போட்டு எழுதியிருக்கிறேன். சிவப்புச் சட்டை தண்ட உதையில் கிடைக்கும் மூன்று புள்ளியை எடுக்காமல், ஐந்துக்கு ஆசைப்பட்டு மூலைக்கு உதைத்தபோது, பேராசை என்றார். அங்கிளும் தலையாட்டினார்.

அங்கிள் வெறுங்கையோடு வரவில்லை. விடியற்காலை வந்திறங்கிய ஒராட்டா மீன் இரண்டு, ஈயத்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மாமாவுக்குப் பிடித்த மீன். இறந்தவருக்காக முதல் நாள் செபமாலை சொன்ன மனிதர் அவர். அவரளவில் அது துக்க வீட்டுக்குச் செய்யும் உதவி. எங்களுக்குத் துடக்கு என்ற ஒன்று உண்டு, சாவு விழுந்தால் மீனும் இல்லை, சாமி விளக்கும் இல்லை என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

அம்மா யோசித்தார். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் எங்கள் வீட்டில் மீன் காய்ச்சுவார்கள். ஆனால் அங்கே உடல் வீட்டில் கிடக்கிறது. அண்ணன் செத்ததைத் தம்பியிடம் மறைக்க அம்மாவால் முடிந்தது. துடக்கோடு இருக்கும் தம்பியின் வாயில், அவன் அறியாமல், மீனை வைக்க முடியவில்லை.

ஒன்று பத்துக்குச் சிவப்பு முதற்பாதியில் எடுத்த முன்னிலையெல்லாம் போய்ச் சமநிலைக்கு வந்தது. ஆட்டம் முடிந்ததும் மேசையில் சோறு, பருப்பு, சொதி.

"மீன் எங்கை அக்கா?"

"ஐஸ்பெட்டிக்குள்ளை வச்சிட்டன்."

"ஏன், பின்னேரம் காய்ச்சப் போறியளோ?"

"திங்கள் காய்ச்சுறன் தம்பி."

அங்கிள் தட்டைப் பார்த்தபடி நிமிரவே இல்லை. மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு சாமிப் படங்கள் இருந்த மூலையைப் பார்த்தார். அங்கே விளக்கு ஏற்றியிருக்கவில்லை.

"அப்ப சரி" என்று சொல்லிச் சோற்றில் சொதியை ஊற்றினார்.

சனிக்கிழமை இரண்டாவது ஆட்டம் மூன்று மணிக்கு. நீலமும் மஞ்சளும். அன்று மாமாவின் கருத்துகள் அவ்வளவு நன்றாக இல்லை என்று எனக்கே ஏமாற்றமாக இருந்தது. நீலத்தின் எட்டாம் நம்பர்க்காரன் ஆளின் கழுத்தில் பிடித்து வீழ்த்தியதற்காக முப்பதாம் நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போய்விட்டான். இரண்டாம் பாதியில் மாமா, "எழுது பிள்ளை, நீலத்தின்ரை எட்டாம் நம்பர் இண்டைக்கு நல்லா விளையாடுறான்" என்றார்.

"மாமா, அவன் வெளியிலை போய் எவ்வளவு நேரம்!"

"ஓமென்ன. அழிச்சிப்போட்டு மாத்தி எழுது."

அழித்தேன். அழித்த இடம் இன்றும் தாளில் மெலிந்திருக்கிறது. எது நடந்தாலும் "நல்ல ஆட்டம்" என்பதைப் பதினொரு முறை சொல்லியிருக்கிறார். அவருக்கு எப்போது தெரிந்தது என்று யாராவது என்னைக் கேட்டால், ஒன்றரைக்கும் ஒன்றே முக்காலுக்கும் இடையில் என்று சொல்வேன். இதுவரை யாரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமா மழிக்காத முகத்தோடு போய்ப் பத்து விரல்களையும் பதிந்துவிட்டு வந்தார். அப்பா குவெஸ்தூரா வாசலில் வைத்துச் செய்தியைச் சொன்னார். மாமா அழவில்லை. "அக்கா ஏதும் சாப்பிட்டவவோ?" என்று மட்டும் கேட்டாராம். "மச்சான் தாங்கியிட்டான், கெட்டிக்காரன்" என்று அப்பா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கொள்ளியைத் தூரத்து உறவுப் பையன் ஒருவன் வைத்திருந்தான்.

நான்காவது ஆட்டம் ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு, முதல் நாள் ஆட்டமொன்றின் மறு ஒளிபரப்பு. குளிர்காலத்தில் எங்களுக்கும் இலங்கைக்கும் நாலரை மணி வித்தியாசம். ஆகவே ஊரில் பின்னேரம் இரண்டு மணி. சவ வீட்டை அங்கிருந்து இணையத்தில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா கைத்தொலைபேசியோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அப்பா மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரியாத விளையாட்டைக் கண் வெட்டாமல் பார்த்தார். மாமாவும் பார்த்தார். கறுப்புச் சட்டைக்காரர் ஸ்க்ரம்மில் தள்ளித் தள்ளி முன்னேறினார்கள். அதைப் பற்றி மாமா ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி கேட்டேன். "பொறு பிள்ளை" என்றார்.

பத்து பத்துக்கு இடைவேளை. சலவைத் தூள் விளம்பரமும் கார் விளம்பரமும் வந்தன. குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. குழாய்ச் சத்தத்துக்குள் வேறொரு சத்தமும் இருந்தது. அம்மா இருமுகிறார் என்று நினைத்தேன். அப்பா எழும்பப் பார்த்தார். மாமா அவருடைய தொடையில் கையை வைத்து இருத்தினார்.

"பிள்ளை, டிவிச் சத்தத்தைக் கூட்டு."

"விளம்பரம்தானே மாமா."

"கூட்டு."

கூட்டினேன்.

"இன்னும்."

மேல்வீட்டுக்காரி தடியால் தரையைத் தட்டும்வரை கூட்டினேன். அப்பா மாமாவின் முகத்தைப் பார்க்காமல், திரையில் ஓடிய காரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்குக் காது மந்தமாகி வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கொப்பியை மடியில் வைத்து எழுதினேன்: "10.14. இடைவேளை. ஆட்டம் இல்லை. மாமா சத்தம் கூட்டச் சொன்னார். கருத்து ஒன்றும் சொல்லவில்லை."